மாறிப்போன செருப்பு

கடற்கரை ஊரான ஹீலோவில் மதிய மழை விட்டபோது விருந்தும் முடிந்திருந்தது. வந்தவர்கள் வாசலில் செருப்பைத் துழாவிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். எங்கள் ஊர் விருந்தில் செருப்பு மாறாமல் போகாது. மறுநாள் யாராவது கொண்டுவந்து மாற்றிக்கொள்வார்கள். இந்த முறை என் மகள் நோயேவின் புது ரப்பர் செருப்பைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சிறுமியின் மரச்செருப்பு கிடந்தது.

"இந்தக் காலத்துல இத யாருடி போடுறா? மியூசியத்துலருந்து வந்திருப்பா போல" என்று என் கணவர் கியோனி சிரித்தார்.

அவருடைய பெரியம்மா ஹருயே சிரிக்கவில்லை. வாரில் முடிந்திருந்த சிவப்புத் துணியைத் தொட்டார். "இது நான் கட்டினதுடா. மாறிப்போகக் கூடாதுன்னு தங்கச்சிக்குக் கட்டிவிட்டேன்."

தங்கை சுமியே, 1946இல் கடல் உள்வாங்கிய காலையில், தரையில் துள்ளிய மீனைப் பொறுக்க ஓடியவள். திரும்பி வந்த அலை அவளையும் அவர்கள் தெருவையும் சேர்த்துக் கொண்டுபோனது. தெரு இருந்த இடத்தில் இப்போது புல்தரைதான்.

துணி ஈரமாக இருந்தது. பெரியம்மா விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு" என்றார்.

நோயே உள்ளேயிருந்து வந்தாள். "அந்த அக்காதான் என்னுத போட்டுட்டுப் போனா. கடல்ல தண்ணியே இல்லியாம், மீன் அள்ளலாம் வான்னு கூப்பிட்டா. கேக் தின்னுட்டு வரேன்னு சொன்னேன்."

சொல்லிக்கொண்டே மரச்செருப்பில் காலை நுழைத்தாள். அளவாகப் பொருந்தியது.

கியோனி வாசலுக்கு வெளியே திரும்பினார். அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். கீழே வளைகுடாவில் படகுகள் எல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தன.