உடைந்த ஸ்பிரிங்

பென்சில்வேனியாவில் ஒரு தீயணைப்பு நிலைய மண்டபத்தில் பழைய துப்பாக்கிச் சந்தை. உயரமான ஜன்னல் வழியே விழும் காலை வெயிலில், லோர்னாவின் மேசை முழுக்க எண்ணெய் பூசிய பழைய உதிரிப் பாகங்கள் மினுங்குகின்றன. தன் தாத்தாவுக்குத் தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில் இடுப்பில் செருகியிருந்த ரிவால்வரை அவள் முன் வைத்துவிட்டு, வெண்டல் விரல்களைப் பிசைகிறான். விசையை இழுத்ததும் பின்னாலிருக்கும் சுத்தியலை ஓங்கி அடிக்க வைக்கும் ஸ்பிரிங் உடைந்து, அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே துப்பாக்கி சும்மா கிடக்கிறது. மாற்று ஸ்பிரிங் தேடி எத்தனையோ சந்தைகள் அலைந்தவன். லோர்னா டப்பாவைக் கிளறி, வளைந்த எஃகுத் தகடு ஸ்பிரிங் ஒன்றை அவன் கையில் வைக்கிறாள். "இது பொருந்தும்னு நெனைக்கிறேன். இரு, மொதல்ல உள்ள எப்படி இருக்குன்னு பாத்துடுவோம்." குண்டு உருளையைக் கழற்றி, அதிலுள்ள ஒவ்வொரு குண்டு அறையிலும் பென்சிலை விட்டுப் பார்க்கிறாள். எல்லாவற்றிலும் அடிவரை போன பென்சில், கடைசி அறையில் பாதியிலேயே நிற்கிறது. அதன் பின்பக்கத்தில், சுத்தியல் அடித்தால் உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கும் வெடிமூடி ஒன்று, பச்சை பூத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"வெண்டல், இதை வீட்ல யாராவது எடுத்து வெளையாடினதுண்டா?" "நாங்க எல்லாருந்தான். என் தங்கச்சி நெத்தியில வெச்சு நானே விசைய இழுத்திருக்கேன். சுத்தியல் தொளதொளன்னு ஆடும், அவ்வளவுதான்." லோர்னா அடைபட்ட அறையை அவன் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள். அவனுக்கு மெல்ல உறைக்கிறது. கையிலிருந்த ஸ்பிரிங்கை மேசையில் வைத்துவிடுகிறான். "இது யாருக்குன்னு வெச்ச குண்டா இருக்கும்?" என்கிறான், குனிந்து அந்தக் கறுத்த அறைக்குள் எட்டிப் பார்த்தபடி.