கிராஞ்சி சாலையில் இறங்கியவர்கள்

ஞாயிறு காலை குணசேகரும் அவர் மனைவி லோகேஸ்வரியும் சைக்கிள்களில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூரின் கிராஞ்சிப் பண்ணைச் சாலையில் போனார்கள். தொழிலாளர் விடுதிக்குக் கொஞ்சம் முன்னால், புல்லில் ஒருவன் குப்புறக் கிடந்தான்.

"ஏங்க, நில்லுங்களேன்."

"சண்டே லா. நல்லா ஊத்திட்டுப் படுத்திருப்பான். மிதி."

குணசேகர் செம்பவாங் கப்பல் பட்டறையில் இப்படி ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கும் தொழிலாளர்களோடுதான் இரும்பு தூக்கியவர். நிற்காமல் மிதித்தார்.

கடற்கரையில் கூடாரம் போட்டும் இருவருக்கும் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை அதே வழியாகத் திரும்பினார்கள்.

விடுதி வாசலில் தலையில் கட்டோடு அவன் உட்கார்ந்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

"வாங்கண்ணே. நேத்து நீங்க இறங்கலன்னா செத்திருப்பேன். அக்கா மடியிலதான் கண்ணு முழிச்சேன்."

போனில் ஒரு படத்தைக் காட்டினான். மருத்துவமனைக் கட்டிலில் அவன் படுத்திருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் இவர்கள் இருவரும், நேற்றுப் போட்டிருந்த அதே சட்டையில். குணசேகர் அவன் கையைப் பிடித்திருந்தார்.

லோகேஸ்வரி கணவரைப் பார்த்தாள். நாங்கள் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அதுக்கென்ன தம்பி," என்றார்.

"நேத்து பேசுனீங்கல்ல, அம்மா மறுபடியும் பாக்கணும்னுச்சு." அவன் ஊருக்கு வீடியோ கால் போட்டு, போனை இவர்கள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே திரையில் வந்தாள். பார்க்கப் பார்க்க அவள் சிரிப்பு நின்றது.

"இவங்க இல்லடா."

"நல்லா பாரும்மா. அதே ஆளுங்கதான்."

"மூஞ்சி அதேதான்," என்றாள். "அவங்க இல்ல."