பழியெல்லாம் லில்லிக்கு

"அலர்ஜி மாத்திரை போட்டாச்சாங்க? சர்ச் முழுக்க லில்லிப் பூவாம். பொண்ணைக் கூட்டிட்டு நடக்கிறப்போ தும்மித் தொலைச்சிடாதீங்க" என்றாள் மர்சலின்.

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றார் ஞானதாஸ்.

பொய். மாத்திரை அட்டையோடு கோட்டுப் பைக்குள் பத்திரமாக இருந்தது.

அதை விழுங்க அவருக்கென்ன பைத்தியமா? கால் பிசகிக் கதறும் பையன்களையே "ஆம்பளை அழலாமாடா?" என்று அதட்டிய பி.டி. மாஸ்டர் அவர். ஒரே மகள் ஷெரிலைக் கட்டிக்கொடுக்கும்போது அவரே மூக்கைச் சிந்தினால், வந்திருக்கும் பழைய மாணவர்கள் விடுவார்களா? அழாமல் நிற்கக் கண்ணாடி முன் தினமும் பயிற்சி எடுத்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்தவன் தினமும் அழுதான்.

சரி, அழுகையை நிறுத்தத்தான் முடியாது. லில்லி மேல் பழி போடலாமே!

"இன்னா மாமா, கண்ணு இப்பவே கலங்குது?" மந்தைவெளி சர்ச் வாசலில் மச்சினன் மேத்யூ சீண்டினான்.

"லில்லிடா. எனக்கு ஆவாது."

"நீங்க இன்னும் உள்ளயே போவல!"

"காத்துல வருதுப்பா."

ஆர்கன் ஒலித்தது. வெள்ளை கவுனில் ஷெரில் அவர் கையைக் கோத்துக்கொண்டாள். பெஞ்சுக்குப் பெஞ்சு லில்லிக் கொத்து. முதல் கொத்தின் பக்கம் சாய்ந்து ஞானதாஸ் மூச்சை நன்றாக இழுத்தார். வாசமே தெரியவில்லை. 'சபாஷ், மூக்கு அடைச்சிடுச்சு!'

பாதி வழியில், எல்.கே.ஜி. முதல் நாள் இதே கையைப் பிடித்துக்கொண்டு அவள் விட மறுத்தது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், கண்ணீர் கொட்டியது. "ஹச்!" என்று ஒரு தும்மலையும் சேர்த்துவிட்டார்.

"லில்லி... ஒத்துக்கல..." என்று இரண்டு பக்கப் பெஞ்சுகளுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே நடந்தார். எல்லோரும் அன்பாகத் தலையாட்டினார்கள். ஜெயித்துவிட்டார்!

பீடத்தருகே மாப்பிள்ளை டெரிக் காத்திருந்தான். ஷெரில் தன் கண்ணை ஒற்றிய கைக்குட்டையை அப்பாவிடம் நீட்டி, காதோரம் கிசுகிசுத்தாள்.

"டாடி, உங்களுக்கு ஆகாதுன்னு டெரிக்கிட்ட சொல்லி எல்லாத்தையும் துணிப் பூவா மாத்திட்டேன். பெஞ்சுல இருக்கிற எல்லாருக்கும் தெரியும்... நீங்க சும்மா அழுங்க."