தடம் விழுந்த காலை

துறைமுகச் சாலையின் பலசரக்குக் கடைக்குள் சாய்ந்து விழும் வெயில், பலகையில் உட்கார்ந்து புளியங்கொட்டை உருட்டும் நிவேதாவின் காதோரக் கருவியில் மினுங்குகிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தை. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகிறது. "மெஷின் சத்தத்தைக் கொண்டு சேர்க்கும். மூளையில அதுக்குத் தடம் விழணும்னா பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க, பலகையத் தட்டிக் கூப்பிடாதீங்க, அதிர்வுக்குத்தான் திரும்புவா" என்று பயிற்சி டீச்சர் சொன்னதிலிருந்து, இந்தக் கடையில் யார் எது வாங்கினாலும் அவளிடம்தான் முதலில் கேட்க வேண்டும். "ஏளா நிவேதா, அரைக் கிலோ சீனி குடு" என்கிறாள் எதிர்வீட்டுச் செல்வராணி. குழந்தை அசையவில்லை. தாய் அனுசியா சீனி நிறுக்கிறாள். "நிவேதா!" உள்ளிருந்து வரும் இசக்கியப்பனின் குரல். புளியங்கொட்டை நிற்கிறது. குழந்தை மெல்லத் திரும்பி அப்பனைப் பார்க்கிறது. சீனி தராசுக்கு வெளியே கொட்டுகிறது. "பழக்கத்துல பலகையத் தட்டிட்டீங்களா?" அனுசியா கேட்கிறாள். "எங்கன தட்ட? ரெண்டு கையிலயும் எண்ணெய் டின்னுல்லா இருக்கு!" அவன் சிரிப்பில் டின்கள் குலுங்குகின்றன. செல்வராணிக்குப் பொறுக்கவில்லை. "நான் தெனமும் தொண்டை கிழிய கத்துதேன், அப்பன் கூப்பிட்டாத்தான் திரும்புவியோ?" குழந்தை இப்போது அவளைத் திரும்பிப் பார்க்கிறது.