மூணாவது கவர்

"சீல் கோணலா இருக்கு. இந்தக் கவரை வாங்க முடியாது."

மாவட்ட அலுவலக டெண்டர் கவுன்ட்டர்ல உக்காந்திருந்த மிங்-சூ, கவரை ஒத்தை விரலால தள்ளிவிட்டா.

யா-ஹுய்க்கு சுர்ருனு ஏறிச்சு. "சீல் கோணலா இருந்தா என்னடீ? எழுத்து தெரியுதுல்ல?"

"நேரா குத்திக் கொண்டு வா."

"நான் போய்ட்டு வர்றதுக்குள்ள பெட்டியைப் பூட்டிடுவீங்க!"

"அப்ப அடுத்த தடவை வா."

ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அப்பவே ஆகாது.

"கிளாஸ் லீடரா இருந்தப்பவும் உனக்கு இதே குணம்தான். நகம் வளர்த்தேன்னு என் பேரை போர்டுல எழுதினவதானே நீ!"

"நகத்தோட வாயும் வளந்திருந்துச்சு. அதை எழுத விட்டுட்டேன்."

வரிசையில நின்னவங்க கொல்லுனு சிரிச்சாங்க. யா-ஹுய்க்குக் காது சிவந்துபோச்சு.

அவ அவசரம் அவளுக்கு. யீலான் தீயணைப்புத் துறைக்குப் புது சாஃப்ட்வேர் வாங்கறாங்க. ஜனங்க உதவின்னு கூப்பிட்டா, எந்த வண்டி எங்க போகணும்னு அது சொல்லணும். இந்த வேலை கிடைச்சாத்தான் யா-ஹுயோட சின்னக் கம்பெனி பிழைக்கும். இல்லேன்னா கடையைச் சாத்திட்டு, தைப்பேயில பழைய முதலாளிகிட்டப் போய்க் கைகட்டி நிக்கணும்.

ஆனா மூணு கம்பெனியாவது கவர் போட்டாத்தான் பெட்டியையே திறப்பாங்க. ஊர்ல விசாரிச்சா, அவளை விட்டா ஒரே ஒரு பெரிய கம்பெனிதான் போடுது. அதனால பக்கத்துக் கடை ஆ-ஷெங் அண்ணனைப் பிடிச்சா. பிரிண்டர் ரிப்பேர் பண்றவரு. சாஃப்ட்வேர் கறுப்பா சிவப்பான்னு அவருக்குத் தெரியாது.

"சும்மா எண்ணிக்கைக்குத்தான் அண்ணே. உங்க பேர்ல விலையை ஏத்திப் போட்டுடறேன், நீங்க ஜெயிக்கவே மாட்டீங்க."

"தோக்கறதுதானே? அது எனக்கு நல்லா வரும்மா"ன்னு தன் கடை ரப்பர் சீலைக் குடுத்துட்டாரு.

எல்லாத்தையும் யா-ஹுயே எழுதி, ரெண்டு கவரையும் ஒரே ஸ்கூட்டர்ல கொண்டு வந்தா. ஒத்தாசைதானே, இதுல என்ன தப்புன்னு அவ நினைப்பு. இப்ப அந்த மூணாவது கவரைத்தான் இந்த மகராசி தொட மாட்டேங்கறா!

தன் கவரை மட்டும் பெட்டியில போட்டுட்டு வந்தா. நினைச்ச மாதிரியே ரெண்டே கவர். டெண்டர் ரத்து.

அன்னிக்கே கண்காணிப்புப் பிரிவுக்குப் புகார் தட்டிவிட்டா. 'சீல் கோணலாம்! கோணல் சீல்ல இல்லை, அந்த அலுவலர் மனசுல'ன்னு முடிச்சிருந்தா.

"வேண்டாம்மா, விட்டுடு"ன்னாரு ஆ-ஷெங்.

"விடறதா? நாற்காலி கிடைச்சா என்ன வேணாலும் பண்ணுவாங்களா அண்ணே?"

கொஞ்ச நாள்ல மறுபடி டெண்டர் வந்துச்சு. ரெண்டாவது தடவைக்கு மூணு கவர் கணக்கே கிடையாதாம், ஒண்ணு வந்தாலும் திறப்பாங்களாம். இது தெரியாமத்தான் இவ்வளவு ரகளை!

ரெண்டு கம்பெனியையும் சாஃப்ட்வேரை ஓட்டிக் காட்டச் சொன்னப்ப, துறைமுகத்து மீனவர் ஒருத்தர் சீன மொழியில இல்லாம, ஊர்ப் பேச்சான தைவான் பாஷையில "எங்க படகு தீப்பிடிச்சிருச்சு"ன்னாரு. பெரிய கம்பெனி சாஃப்ட்வேர் முழிச்சுது. யா-ஹுயோடது சட்டுனு வண்டியை அனுப்பிருச்சு. ஹால்ல ஒரே கைதட்டல். வேலை அவளுக்குத்தான்!

அதே நாள்ல புகாருக்கும் பதில் வந்துருச்சு. 'தனிப்பட்ட வெறுப்பினால் கவரை வாங்கவில்லை என அலுவலர் ஒப்புக்கொண்டார். பழைய ஃபைல் அறைக்கு மாற்றப்பட்டுள்ளார்.'

யா-ஹுய்க்குத் தலைகால் புரியலை. சுடச்சுட வெங்காயத்தாள் ரொட்டி வாங்கிக்கிட்டு ஆ-ஷெங் கடைக்கு ஓடினா.

"அண்ணே, ரெட்டைக் கொண்டாட்டம்!"

அவரு ரொட்டியைப் பாக்கவே இல்லை. முகம் வெளுத்துப்போய் டிவியையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"தெற்குப் பக்கம் ஒரு ஊர்ல, எண்ணிக்கைக்குன்னு மூணாவது கவர் போட்டாங்களாம்மா. அது கூட்டுச்சதியாம். எழுதினவளும் உள்ள, பேரு குடுத்தவனும் உள்ள."

யா-ஹுய்க்கு அந்தக் கோணல் சீல் ஞாபகம் வந்துச்சு. ரொட்டியை அப்படியே வச்சுட்டா. ஸ்கூட்டரை எடுத்தா.

ஃபைல் அறையில தும்மிக்கிட்டே கட்டுப் பிரிச்சுக்கிட்டிருந்தா மிங்-சூ.

"உனக்கு அன்னிக்கே தெரியுமாடீ?"

"ரெண்டு கவர்லயும் உன் கோழிக் கிறுக்கல். எத்தனை வருஷம் உன் நோட்டை வாங்கி அடுக்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா? பெட்டிக்குள்ள விழுந்துட்டா அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது."

"அங்கேயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"வரிசையில அத்தனை பேர் நிக்கறப்ப, 'இவ பண்றது குற்றம்'னு கத்தச் சொல்றியா?"

"சரி, விசாரணையிலயாவது சொல்லியிருக்கலாம்ல? உனக்கு இந்தத் தூசி அறை வந்திருக்காதே!"

"சொல்லியிருந்தா உனக்குக் கம்பி வச்ச அறை வந்திருக்கும். பரவாயில்லையா?"

யா-ஹுய்க்குக் கண்ணு கலங்கிருச்சு. கூடவே சிரிப்பும் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"எனக்காக, என்னைப் பிடிக்காதுன்னு பொய் எழுதிக் குடுத்தியாடீ?"

மிங்-சூ மூக்கைத் துடைச்சுக்கிட்டே நிமிந்து பாத்தா.

"பொய்யா? அந்த ஒரு வரி மட்டும்தான்டீ நிஜம்!"