இரண்டாவது தட்டு

நெசவாளி ஜோதிலிங்கத்தின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மகன் பையைக் கட்டிவிட்டான். "ரத்தத்துல சத்தெல்லாம் சரியா இருக்காம் டாக்டரம்மா. அப்பாவக் கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் ஹேமலதா நோயாளியின் அரைஞாண் கயிற்றைப் பார்த்தார். இடுப்பு மெலிய மெலிய இறுக்கி முடிந்ததில் ஒரு சாண் வால் தொங்கியது. "பட்டினி கெடந்தாலும் ரத்தத்துல புரதம் சரியாக் காட்டும்யா. இந்தக் கயித்தப் பாருங்க."

டாக்டரின் இந்தக் கண்ணுக்காகவே நர்ஸ் முனீஸ்வரி திருச்சுழியிலிருந்து தினமும் பஸ் ஏறி இந்த ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வருகிறாள்.

"தட்ட வழிச்சுச் சாப்பிடுறாரே!" என்றான் மகன். உண்மைதான். காலித் தட்டை எடுப்பதே முனீஸ்வரிதான்.

மத்தியானம் டாக்டர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜோதிலிங்கம் தட்டைத் தொடாமல் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். போன தையில் இறந்த மனைவி சௌடம்மாளை, வீட்டில் பேசும் கன்னடத்தில் சாப்பிடச் சொன்னார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, தட்டு காலியானது. மகன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

ஹேமலதாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "சிஸ்டர், இனிமே இந்தக் கட்டிலுக்கு ரெண்டு தட்டு" என்றார். ஜோதிலிங்கத்திடம், "அவுக சாப்பிடட்டும். கூட உக்காந்து நீங்களும் சாப்பிடணும்" என்றார்.

மாதக் கடைசியில் சதை போட்டு, கயிறு இடுப்பை இறுக்கிப் பிடித்தது. வீட்டுக்குப் போக ஆட்டோ வந்தது. மகன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஜோதிலிங்கம் பின்னால் ஏறி, ஒதுங்கிப் பக்கத்தில் இடம் விட்டார்.

ஆளில்லாத அந்தப் பக்கம் ஆட்டோ நன்றாகவே அமுங்கியது.

வாசலில் நின்ற டாக்டர், "அவுகளும் தேறிட்டாக" என்றார்.