பஸ் நிறுத்தத்துக்குப் போன பெஞ்சு

அந்தத் தேவாலயத்தில் பெஞ்சுகள் நாற்பது, விசுவாசிகள் பதினொருவர். "புறப்பட்டுப் போங்கள், ஊருக்குச் சொல்லுங்கள்" என்று பிரசங்கபீடம் ஞாயிறுதோறும் முழங்கும். அது மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசைந்ததில்லை.

கால் ஆடிய கடைசிப் பெஞ்சைச் சபைக் கமிட்டி எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய்ப் போட்டது.

"உலகத்தோடு ஒட்டிக்கொண்டது" என்றது பீடம். பெஞ்சு வெட்கத்தில் குறுகிப்போயிற்று.

மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு பெண் அதில் உட்கார்ந்து, அங்கே படுத்திருக்கும் கணவனைச் சொல்லி அழுதாள். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஞானரூபி, அந்தப் பதினொருவரில் ஒருத்தி, "உங்க வீட்டுக்காரருக்காக ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்று கேட்டாள். இவ்வளவு சின்ன ஜெபத்தைப் பெஞ்சு அதுவரை கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண் இன்னும் இருவரை ஜெபத்துக்குக் கூட்டிவந்தாள். மூன்றே மாதத்தில், வந்த பஸ்ஸை விட்டுவிட்டும் ஜனம் அங்கே உட்கார்ந்திருந்தது. பெஞ்சுக்குத் தன் ஆடும் கால்கூட மறந்துபோயிற்று.

"எல்லாம் என் பிரசங்கத்தின் பலன்" என்றது பீடம். கமிட்டி இரண்டு முறை கூடிப் பேசி, கூட்டத்துக்குக் காரணம் பெஞ்சுதான் என்று கண்டுபிடித்தது. அதற்கு வார்னிஷ் அடித்து, ஆலயத்தின் முதல் வரிசையில் கொண்டுவந்து போட்டது.

ஞாயிறு வந்தது. பெஞ்சு பளபளவென்று காலியாகக் கிடந்தது.

"எங்கே உன் ஜனம்?" என்று பீடம் கேட்டது.

"அங்கேயேதான், நின்றுகொண்டு ஜெபிக்கிறார்கள்" என்றது பெஞ்சு.

பீடம் ஜன்னல் வழியே பார்த்துப் பெருமூச்சு விட்டது. "பாவம், இங்கே இத்தனை இடம் இருந்தும் வெயிலில் நிற்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் வர இன்னும் காலமாகும்."